3,500 கிலோ இழுக்கும் வண்டி 900 கிலோவில் ஏன் திணறுகிறது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். மாமனார் தொடங்கிய பந்தல் வாடகைத் தொழிலை மூன்று ஆண்டுகளாக இவர் பார்த்து வருகிறார். திருமணம், பதினாறாம் நாள் காரியம், கோயில் திருவிழா என்று ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலை சாலையில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் வரிசையாகக் கூப்பிடுவார்கள். சென்ற ஆண்டு இரண்டாம் கை பிக்கப் ஒன்று வாங்கி, இரும்புப் பட்டறையில் சொல்லி இரண்டு அச்சு டிரெய்லர் ஒன்றும் செய்துகொண்டார்.

கடிதத்தின் சாரம் இது: "விளம்பரத் தாளில் 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருந்தது. என் டிரெய்லர், ஜெனரேட்டரும் இரும்புக் குழாய்களும் சேர்த்து 2,200 கிலோதான். பிக்கப்பின் பின்பெட்டியில் படுதா 240 கிலோ, நூறு நாற்காலி 250 கிலோ. வண்டி 900 கிலோ தாங்கும், நான் ஏற்றுவது 490. எல்லாம் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான். அப்படியிருந்தும் வண்டியின் பின்புறம் தாழ்ந்து போகிறது, ஸ்டீயரிங் மிதக்கிறது. இரவில் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து லைட்டை அடிக்கிறார்கள், ஏனென்று தெரியவில்லை. பின்புறம் தாழ்கிறதே என்று மாமா ஜெனரேட்டரை டிரெய்லரின் கடைசிக்குத் தள்ளி வைத்தார். வண்டி நிமிர்ந்தது. ஆனால் பினாங்குப் பாலத்தில் ஒரு லாரி எங்களைத் தாண்டியபோது டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிந்தது. உயிர் போய் வந்தது. இனி ஸ்பிரிங் பட்டை இரண்டு கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமா. போடலாமா? இல்லை, கடன் வாங்கி லாரியே வாங்கிவிடவா?"

வண்டியின் பதிவுச் சான்றான கிராண்டையும் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். இந்தத் துறையில் எனக்கு வரும் கடிதங்களில் பத்தில் ஒன்றில்கூட அது இருக்காது.

தம்பி, முதலில் பட்டை விஷயம். போடவேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கணக்கைத் திருத்த வேண்டும். கூட்டலில் பிழையில்லை. எதை எதோடு கூட்டவேண்டும் என்பதில்தான் பிழை.

கிராண்டில் இரண்டு எடைகள் இருக்கின்றன. ஒன்று பெராட் தன்பா முவாத்தான், சுமையில்லா எடை. மற்றது பெராட் டெங்கான் முவாத்தான், சுமையோடு சேர்ந்த எடை. மலாய்ச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி.டி.எம்.' என்று வந்து நின்று ஆளைக் குழப்பும். அதனால் வெறும் எடை, முழு எடை என்றே சொல்கிறேன். உங்கள் வண்டியின் வெறும் எடை 2,010 கிலோ, முழு எடை 2,910. இடைவெளி 900. அந்த 900-ஐப் பின்பெட்டியின் கொள்ளளவு என்று எடுத்துக்கொண்டீர்கள். அது பெட்டிக்கு மட்டும் உரியதல்ல. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த பிறகு அந்த வண்டியின் மேல் ஏறிய ஒவ்வொன்றும் அந்த 900-லிருந்துதான் கழியும்.

உங்கள் 900 கிலோ எங்கே போகிறது

நீங்கள், மாமா, இரண்டு வேலையாட்கள். ஆளுக்கு 75 கிலோ என்றால் 300. பெட்டியின் மேல் பொருத்திய இரும்புச் சட்டம் 90 என்று எழுதியிருக்கிறீர்கள், டிரெய்லர் இழுக்கும் கொக்கிச் சட்டம் 35. படுதா 240. நாற்காலி 250. இதுவரை 915. டிரெய்லரைப் பூட்டுவதற்கு முன்பே வரம்பு தாண்டிவிட்டது.

இனி டிரெய்லர். அதன் பாரம் முழுவதும் அதன் சக்கரங்களில்தானே நிற்கிறது, பிக்கப்புக்கு இழுப்பது மட்டும்தானே வேலை என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒழுங்காகச் சுமை ஏற்றிய டிரெய்லர், தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை முன்னால் இருக்கும் கொக்கியின் மேல் வைக்கும். வைத்தே ஆகவேண்டும், ஏன் என்பதைப் பாலத்துக்கு வரும்போது பார்ப்போம். 2,200 கிலோவுக்கு அது 220 கிலோ. அந்த 220-ஐச் சுமப்பது உங்கள் பிக்கப். ஆக மொத்தம் 1,135. வரம்பைவிட 235 கிலோ அதிகம்.

படுதா நனைந்திருந்தால் இந்தக் கணக்கும் பொய். தீபாவளி மழையில் பந்தல் பிரித்து ஏற்றிய அனுபவம் உங்களுக்கு இருக்கும். காய்ந்த படுதாவை இரண்டு பேர் தூக்கியிருப்பார்கள், நனைந்ததற்கு நான்கு பேர் வந்திருப்பார்கள்.

அந்த 3,500 பொய்யா என்றால், இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் இன்னோர் எண் ஒளிந்திருக்கிறது. பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்ற கூட்டு எடை வரம்பு. உங்கள் கையேட்டில் அது 5,650 என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். டிரெய்லர் மட்டும் 3,500 என்றால் பிக்கப்புக்கு மிஞ்சுவது 2,150. அதன் வெறும் எடையே 2,010. மீதி 140 கிலோவில் இரும்புச் சட்டமும் கொக்கிச் சட்டமும் 125-ஐ எடுத்துக்கொண்டால் எஞ்சுவது 15 கிலோ. அதாவது விளம்பரத் தாளில் சொன்னபடி இழுக்க வேண்டுமானால் ஓட்டுநர் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் கூட்டு எடையைக் கையேட்டின் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளிவிடுவதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எஞ்சினுக்கு இழுக்கும் வலு இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டீசல் பிக்கப்புகள் அந்த வகையில் நல்ல மாடுகள். முதலில் தீர்ந்துபோவது இழுவை அல்ல, முதுகு.

எதிரே வருகிறவர்கள் ஏன் லைட் அடிக்கிறார்கள்

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி இதுதான். அவர்கள் உங்களைத் திட்டுகிறார்கள். உங்கள் வண்டியின் பின்புறம் தாழ்ந்ததால் மூக்கு தூக்கிக்கொண்டிருக்கிறது. சாலையில் விழவேண்டிய வெளிச்சம் அவர்கள் கண்ணில் விழுகிறது.

கொக்கி பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை. அதற்கும் பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது. உங்கள் வகை வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறக்குறைய 3.1 மீட்டர். பின் அச்சிலிருந்து கொக்கி 1.25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிறுவர்களின் ஏற்றப்பலகை மாதிரி, பின் சக்கரத்தை நடுவில் வைத்து ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும். கொக்கியில் வைத்த 220 கிலோ, பின் அச்சில் 309 கிலோவாக இறங்குகிறது. கூடுதலாக வந்த அந்த 89 கிலோ முன் அச்சிலிருந்து பிடுங்கியது. ஸ்டீயரிங் மிதப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதுவும் இதனால்தான். திருப்புவதும் முன் சக்கரம், பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் முன் சக்கரம். அதற்குத் தரையில் பிடிப்பு குறைந்துவிட்டது.

அதனால்தான் முழு எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சின் தனி வரம்பு தாண்டியிருக்கக்கூடும். அந்த வரம்பு கையேட்டில் இருக்கும், சில வண்டிகளில் கதவுத் தூணிலும் இருக்கும். டயரையும் பாருங்கள். பக்கச்சுவரில் அளவுக்குப் பிறகு 112 போல ஓர் எண் வரும். 112 என்றால் அந்த டயர் சரியான காற்றோடு 1,120 கிலோ தாங்கும், 108 என்றால் 1,000 கிலோ. பழைய வண்டிகளில், பார்க்க அழகாக இருக்கிறது என்று முந்தைய உரிமையாளர் மாற்றிப் போட்ட டயரில் இந்த எண் குறைந்திருக்கக்கூடும். காற்றும் வெற்று வண்டிக்குரிய அளவில் வேண்டாம். முழுச் சுமைக்கு எவ்வளவு என்று கதவுத் தூணில் தனியாக இருக்கும், டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்கு அடியுங்கள். காற்றுக் குறைந்த டயர் நம் ஊர் வெயிலில், சுமையோடு, நெடுஞ்சாலையில் வெடிப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

பாலத்தில் நடந்தது

மாமாவின் யோசனையைக் குறை சொல்ல மனமில்லை. பின்புறம் தாழ்கிறது, பாரத்தைப் பின்னால் தள்ளினால் நிமிரும் என்று அவர் நினைத்தது சரி, நிமிரவும் செய்தது. ஆனால் என்ன விலைக்கு என்று பாருங்கள். ஜெனரேட்டர் 900 கிலோ. டிரெய்லரின் இரண்டு அச்சுகளுக்கும் நடுவிலிருந்து கொக்கி வரை 3.5 மீட்டர் இருந்தால், அரை மீட்டர் பின்னே நகர்த்தியதில் கொக்கி எடை 129 கிலோ குறையும். 220 இருந்தது 91 ஆகிவிடும். பத்தில் ஒன்று என்பது இருபத்தைந்தில் ஒன்றுக்குப் போய்விட்டது.

முன்கனம் உள்ள டிரெய்லர் வண்டியின் பின்னால் அடங்கி வரும். பின்கனம் உள்ளது தன் இஷ்டத்துக்கு ஆடும். லாரி தாண்டும்போது எழும் காற்றோ, பாலத்தில் குறுக்கே அடிக்கும் கடல் காற்றோ ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆட்டம் அடங்குவதற்குப் பதில் ஒவ்வொரு வீச்சுக்கும் பெரிதாகும், வேகம் கூடக்கூட இன்னும் மோசமாகும். கடைசியில் டிரெய்லர் வண்டியைத் திருப்பிப் போட்டுவிடும். 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தின் நடுவில் அது நடந்திருந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்காது.

ஜெனரேட்டரை இன்றே பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அச்சுக்கு மேலே, ஒரு கை முன்னே, தரையோடு ஒட்டித் தாழ்வாக, நான்கு பக்கமும் கட்டி. குழாய்களும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். இனி எப்போதாவது ஆட்டம் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் டிரெய்லரின் பிரேக் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அது எனக்குக் கவலையாக இருக்கிறது. இவ்வகைப் பிக்கப்புகள் பலவற்றுக்கு 3,500 கிலோ என்பது பிரேக் உள்ள டிரெய்லருக்கு மட்டும். பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பொதுவாக 750 கிலோதான். பட்டறையில் வெறும் அச்சும் சக்கரமும் போட்டுக் கொடுத்திருந்தால் உங்கள் 2,200 கிலோவையும் நிறுத்துவது பிக்கப்பின் பிரேக் மட்டுமே. பாலிக் பூலாவில் ஒரு கல்யாணத்துக்கு ஜாலான் துன் சர்டோன் வழியாக ஏறி இறங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வளைவுகளில், அந்த இறக்கத்தில், சூடேறிய பிரேக் ஒரு கட்டத்துக்கு மேல் மிதிக்க மிதிக்க இறங்கிக்கொண்டே போகும், பிடிக்காது. பிரேக் இல்லையென்றால் அது வைக்கும்வரை டிரெய்லரைச் சாலைக்கு எடுக்காதீர்கள். பிரேக் இருந்தால், இறக்கத்துக்கு முன்பே கீழ் கியருக்குப் போய்விடுங்கள். கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஸ்பிரிங் பட்டை போட்டால் என்ன ஆகும்

வண்டி நிமிரும், அவ்வளவுதான். பின் அச்சு, பேரிங், பிரேக், சட்டம், டயர் எல்லாம் பழையபடியே இருக்கும். கிராண்டில் இருக்கும் முழு எடையும் மாறாது. முதுகு வளைந்தவனுக்கு இறுக்கமாகப் பட்டி கட்டிவிட்டு இன்னொரு மூட்டை ஏற்றுவது போன்ற வேலை. இப்போது பின்புறம் தாழ்வதாவது உங்களுக்கு ஒரு எச்சரிக்கை கொடுக்கிறது. பட்டை போட்டால் அதுவும் வாயை மூடிக்கொள்ளும். தவிர, வண்டியின் அமைப்பை மாற்ற சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் ஒப்புதல் வேண்டும். பட்டறைக்காரர் "எல்லாரும் போடுகிறார்கள்" என்று சொல்வது ஒப்புதல் ஆகாது.

சட்டம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், சம்மன் வந்தால் ஓட்டுகிற பையன் பெயரில்தானே வரும் என்று. இல்லை, கூடுதல் சுமைக்கு உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். பட்டறையில் செய்ததை அப்படியே இழுத்துக்கொண்டு போக முடியாது. கொக்கிச் சட்டத்துக்கும் டிரெய்லருக்கும் என்ன பத்திரம் வேண்டும் என்று ஜே.பி.ஜே. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து இரண்டு இடங்களைப் படியுங்கள்: அனுமதித்த அளவுக்கு மேல் சுமை ஏற்றினால் என்ன, டிரெய்லர் இழுத்தால் என்ன. புரியவில்லை என்றால் முகவரைத் தொலைபேசியில் கேட்காமல் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், பதில் கையில் இருக்கும். வேலையாட்கள் அந்த வண்டியில் வருகிறார்கள் என்பதால் இன்னொன்றும் உண்டு. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், 2024 ஜூன் 1 முதல் நாட்டின் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. நம்மைப் போன்ற சிறு தொழிலை அது தொடாது என்று இனி இருக்க முடியாது.

லாரி வாங்குவதா

உடனே வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் பிக்கப் கெட்ட வண்டி அல்ல, கணக்குத்தான் கெட்டது. நூறு நாற்காலியை வேறு வண்டியில் அனுப்பினால் 1,135 என்பது 885 ஆகிவிடும். வேலையாட்கள் இருவரும் மோட்டார் சைக்கிளிலோ மாமாவின் காரிலோ வந்தால் 735. 165 கிலோ கையிருப்பு, நனைந்த படுதாவுக்கும் இடம் உண்டு. நாற்காலியை டிரெய்லரிலேயே ஏற்றிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். 250 கிலோ அங்கே போனால் கொக்கியில் 25 கிலோ கூடும், மொத்தம் 910, அப்போதும் பத்துக் கிலோ அதிகம். அதோடு டிரெய்லரின் அச்சும் டயரும் 2,450 தாங்குமா என்று பட்டறைக்காரரிடம் எண்ணாகக் கேட்கவேண்டும். "நல்லா தாங்கும்" என்பது எண் அல்ல.

பெரிய வேலை மாதத்துக்கு இரண்டோ மூன்றோ என்றால் அந்த நாளுக்கு மட்டும் ஓட்டுநரோடு லாரி பேசிக்கொள்வது மலிவு. தைப்பூச வாரம் போல நாள்தோறும் ஓட்டம் இருக்கும் அளவுக்குத் தொழில் வளர்ந்தால் சிறு லாரி வாங்குவதில் நியாயம் உண்டு. கார் ஓட்டும் டி வகை லைசன்ஸ், வெறும் எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குத்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். பொருள் ஏற்றும் வாகன உரிமம் தேவையா என்பதையும் முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், பிறகு அல்ல.

மேலே நான் போட்ட கணக்கெல்லாம் நீங்கள் எழுதிய எடைகளை வைத்துப் போட்டது. பந்தல்காரர்கள் சொல்லும் எடை எப்போதும் கொஞ்சம் இளைத்தே இருக்கும். ஒரு நாள், வழக்கமாக ஏற்றுவதையெல்லாம் ஏற்றி, எடைமேடை உள்ள இடத்துக்குப் போங்கள். பழைய இரும்புக் கடைகளில் உண்டு, செம்பனை ஆலைகளில் உண்டு, கேட்டால் சிறு கட்டணத்துக்கு நிறுத்துத் தருவார்கள். டிரெய்லர் பூட்டியபடியே முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் எடை. பிறகு பிக்கப்பின் நான்கு சக்கரங்களும் ஏறி ஓர் எடை. பிறகு மொத்தமும். கடைசியாக டிரெய்லரைக் கழற்றிவிட்டுப் பிக்கப்பை மட்டும். இரண்டாவது எடைக்கும் நான்காவதுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கொக்கி எடை.

மேடைக்குப் போக நேரமில்லாத நாளில் வீட்டிலேயே பார்க்கலாம். குளியலறை எடைக் கருவியையும் ஒரு செங்கல்லையும் 90 சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள், மேலே தடித்த பலகை. டிரெய்லரை மட்டமாக நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கொக்கியைச் செங்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டரில் பலகையின் மேல் இறக்குங்கள். கருவி காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். 73 காட்டினால் 219. காலைப் பலகைக்கு அடியில் விட்டுவிடாதீர்கள்.

எடைமேடைக்கு மாமாவையும் அழைத்துச் செல்லுங்கள். பெரியவரிடம் நீங்கள் வாயால் சொல்வதைவிட மேடைக்காரர் கொடுக்கும் சீட்டு சொல்லட்டும். நிறுக்கும்போது அவரைக் கீழே இறக்கிவிட வேண்டாம். பந்தல் போடப் போகும் நாளில் அவரும் முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்தானே.